கடை, லாட்ஜ் சாப்ட்வேருக்கு எந்த டேட்டாபேஸ் போடறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காட்பாடில உக்காந்து வேலூர் சுத்துவட்டாரத்துல சின்னச் சின்ன எடங்களுக்கு சாப்ட்வேர் எழுதித் தர்றவன். தோட்டப்பாளையம் லாட்ஜ், குடியாத்தத்துல லுங்கி யூனிட், பேர்ணாம்பட்டு பக்கம் லெதர் ஜாப் ஒர்க், எல்லாமே ஒரு கம்ப்யூட்டர் ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கற எடம்தான். புதுசா ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்ச பசங்களும் ஃபைனல் இயர் படிக்கறவங்களும் போன்ல கேக்கறதையே திருப்பித் திருப்பி சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

அண்ணா, லோக்கல் டேட்டாபேஸ்னா இன்னா?

கிளவுட்ல எங்கயோ இல்லாம கடைல இருக்கற கம்ப்யூட்டர்லயே டேட்டா இருக்கறது, அவ்ளோதான். ஆனா இதுல ரெண்டு ஜாதி இருக்கு, அத குழப்பிக்கறதுலதான் பாதி பிரச்சன. ஒண்ணு உங்க சாப்ட்வேருக்குள்ளயே லைப்ரரியா உக்காந்து ஒரு ஃபைல நேரா தொறந்து படிக்கறது, எழுதறது. எஸ்க்யூலைட் அப்படித்தான், ஃபயர்பேர்ட் எம்பெடட், ஜாவால எச்2, டெர்பி இதெல்லாம் அந்த வகை. இன்னொண்ணு அதே கம்ப்யூட்டர்ல தனி சர்வீஸா ஓடும், உங்க சாப்ட்வேர் அதுகிட்ட போய் "இத எழுதிக்கோ"ன்னு கேக்கணும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் எல்லாம் அது. மொத வகைல ஃபைலு நம்ம கைல இருக்கு. ரெண்டாவதுல ஃபைல நாம தொடவே கூடாது, சர்வீஸ் மட்டும்தான் தொடும்.

எக்செல் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

ஒரே ஆளு, மாசக்கணக்கு, யாரும் திருத்தப் போறதில்லன்னா எக்செலே போதும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒருத்தர் சார்ட் பண்ணும்போது ஒரு காலம (column) மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் குடுத்துட்டா யார் பேர்ல யார் அட்வான்ஸ்னு தெரியாம போயிடும் பாருங்க, அந்த நாள்ல போன் பண்ணுங்க.

சரி, எத எடுக்கறது? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரு வார்த்தைல சொல்ல முடியாது, ஒரு கேள்வில சொல்றேன். ஒரே நேரத்துல எத்தன கம்ப்யூட்டர்லேர்ந்து என்ட்ரி போடுவாங்க? இத மொதல்ல கடைக்காரர்கிட்ட கேளுங்க. ஸ்பீடு, ஃபேஷன், யூட்யூப்ல எவனோ சொன்னது எல்லாம் அப்புறம்.

ஒண்ணுன்னா எஸ்க்யூலைட், யோசிக்கவே வேணாம். 2000ல ரிச்சர்ட் ஹிப்னு ஒருத்தர் எழுத ஆரம்பிச்சது, அமெரிக்க கடற்படை கப்பல் ஒண்ணுக்கான வேலைல பொறந்ததுன்னு சொல்வாங்க, சர்வர் நின்னு போனாலும் சாப்ட்வேர் நிக்கக் கூடாதுன்றதுதான் அப்போ அவருக்கு இருந்த தலைவலி. இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்ட் போன்லயும் இருக்கு, ஐபோன்லயும் இருக்கு, பிரவுசர்லயும் இருக்கு. பப்ளிக் டொமைன், லைசன்ஸ் காசு கெடையாது. 2050 வரைக்கும் சப்போர்ட் பண்றோம்னு அவங்களே சொல்லி வச்சிருக்காங்க. இன்ஸ்டால் பண்ண ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர் மாத்தினா ஃபைல தூக்கினு போய் புது கம்ப்யூட்டர்ல வைக்கறதுதான்.

ரெண்டு அதுக்கு மேலன்னா, இல்ல இப்போ ஒண்ணுதான் ஆனா மாடில இன்னொரு கவுன்டர் போடப் போறேன்னு முதலாளி பேச்சுவாக்குல சொல்லிட்டார்னா, மொத நாள்லயே சர்வர் வகைக்கு போயிடுங்க. நான் போஸ்ட்கிரெஸ் போடறேன். மரியாடிபி பழக்கம்னா அதுவும் நல்லதுதான், சண்டைக்கு வரமாட்டேன்.

ஷேர்டு ஃபோல்டர்ல எஸ்க்யூலைட் ஃபைல வச்சா ரெண்டு கம்ப்யூட்டர்லயும் தொறக்குதே, அப்புறம் எதுக்கு சர்வர்?

தொறக்கும். ஒரு மாசம் நல்லா ஓடவும் ஓடும். நானும் இத பண்ணவன்தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தங்கற ஒரு லாட்ஜ், 40 ரூம். பெங்கால், அஸ்ஸாம்லேர்ந்து வர்ற பேஷன்ட் கூட்டம், காலங்காத்தால ரயில் வந்து நின்னா போதும், கவுன்டர்ல பெட்டியும் படுக்கையுமா வரிசை நிக்கும். மொதல்ல ஒரு கம்ப்யூட்டர், எஸ்க்யூலைட் போட்டு குடுத்தேன், ஒரு வருஷம் ஒரு போன் கூட வரல. அப்புறம் முதலாளி "தம்பி, மாடில ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிட்டேன், அதுலயும் வரணும், சீசன் டைம்ல கீழ ஒரே நெரிசலா கீது"ன்னார். எனக்கு அன்னிக்கு குடியாத்தத்துல வேற வேல. ஃபோல்டர ஷேர் பண்ணு, மாடி கம்ப்யூட்டர்ல பாத்த, அதாவது ஃபைல் இருக்கற எடத்த, மாத்துன்னு போன்லயே சொல்லி முடிச்சிட்டேன். மொத்தம் பத்து நிமிஷ வேல. முதலாளிக்கு ஒரே சந்தோஷம், எனக்கு ஆர்க்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வந்துச்சு.

அஞ்சாவது வாரம் காலைல 6 மணிக்கு போன். கீழ கவுன்டர்ல "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் ஈஸ் மால்ஃபார்ம்ட்"னு வருது, ரூம் லிஸ்ட் பாதி வெள்ளையா கீதுன்னாங்க. போய் பாத்தா ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நிமிஷத்துல செக்-இன் போட்டிருக்கு.

இன்னா ஆச்சுன்னா, எஸ்க்யூலைட் எழுதறதுக்கு முன்னாடி ஆப்பரேட்டிங் சிஸ்டம்கிட்ட ஃபைலுக்கு பூட்டு கேக்கும். ஒரே கம்ப்யூட்டர்ல இருந்தா அந்த பூட்டு நம்பிக்கையான பூட்டு. நெட்ஒர்க் வழியா போகும்போது அந்தாண்ட இருக்கற கம்ப்யூட்டர் "பூட்டிட்டேன்"னு சொல்லும், ஆனா பூட்டிருக்காது, இல்லன்னா பழைய கேஷ காட்டும். ரெண்டு பேரும் ஒரே பேஜ்ல எழுதிட்டா கதை முடிஞ்சுது. வால் மோட்ல (WAL, புது என்ட்ரிய மொதல்ல பக்கத்துல ஒரு தனி ஃபைல்ல எழுதி வைக்கற முறை) வச்சிருந்தா இன்னும் மோசம், அது ஷேர்டு மெமரிய நம்பி ஓடறது, எல்லா ப்ராசஸும் ஒரே கம்ப்யூட்டர்ல இருக்கணும்னு அவங்க டாக்குமென்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. நான்தான் படிக்கல.

ரெக்கவர் கமாண்ட் போட்டு முக்கால்வாசி எடுத்தேன், மீதிய பேப்பர் ரெஜிஸ்டர பாத்து அந்த லாட்ஜ் பையன் ஒருத்தனும் நானும் ராத்திரி பூரா என்ட்ரி போட்டோம். பேப்பர் ரெஜிஸ்டர் வேணாம்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான், நல்லவேளை என் பேச்ச கேக்கல. மறுநாளே போஸ்ட்கிரெஸுக்கு மாத்திட்டேன்.

ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ப்ரோக்ராம் எஸ்க்யூலைட் ஃபைல தொறக்கலாமா?

தாராளமா. படிக்கறவங்க எத்தன பேர் வேணா, எழுதறவங்க ஒரு நேரத்துல ஒருத்தர். ரெண்டாவது ஆளு "டேட்டாபேஸ் ஈஸ் லாக்ட்"னு எரர் குடுத்துட்டு ஓடாம கொஞ்சம் காத்திருக்க பிஸி டைம்அவுட்ட 5000 மில்லிசெகன்ட் வச்சிடுங்க, வால் மோட போட்டுடுங்க. இன்னொண்ணு, ஃபாரின் கீ செக்கிங், அதாவது பில்லு சுட்டற கஸ்டமர் நெஜமாவே இருக்காரான்னு பாக்கறது, எஸ்க்யூலைட்ல பொதுவா ஆஃப்ல இருக்கும், கனெக்‌ஷன் தொறக்கறப்போ ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணணும். இல்லன்னா கஸ்டமர டிலீட் பண்ணதுக்கு அப்புறமும் அவர் பில்லு அனாதையா சுத்திகினு இருக்கும்.

சர்வர் வகைன்னா கடைக்கு தனியா சர்வர் கம்ப்யூட்டர் வாங்கணுமா?

வேணாம். கவுன்டர்ல இருக்கற கம்ப்யூட்டர்லயே சர்வீஸா ஓடட்டும். அதுக்கு ஐபி அட்ரஸ் மாறாம ஃபிக்ஸ் பண்ணுங்க, ஃபயர்வால்ல போர்ட் தொறங்க, ரவுட்டர்ல வெளிய மட்டும் தொறந்து விட்டுடாதீங்க. முக்கியமா ஸ்லீப் மோட ஆஃப் பண்ணுங்க. கீழ இருக்கறவர் டீ குடிக்க போனா கம்ப்யூட்டர் தூங்கிடும், மாடில இருக்கறவர் "உங்க சாப்ட்வேர் ஹேங் ஆவுது"ன்னு உங்களதான் திட்டுவார்.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஃப்ரீதானே?

ஃப்ரீதான். 2022 வெர்ஷன் வரைக்கும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு, 2025 வெர்ஷன்ல 50 ஆக்கிட்டாங்க. டாட்நெட்ல எழுதறவங்களுக்கு சுளுவு. கடைல இருக்கற பழைய 4 ஜிபி ராம் கம்ப்யூட்டர்ல போட்டா மூச்சு வாங்கும், அதான் நான் அத எடுக்கறதில்ல.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ, ஆக்சஸ் ஓடிகினு இருக்கு, மாத்தணுமா?

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு சப்போர்ட் 2015லயே முடிஞ்சுது, ஆனா ஓடறத ஏன் தொடணும்னு முதலாளி கேட்டா அதுக்கு நம்மகிட்ட சட்டுனு பதில் இல்ல. ரெண்டுலயும் 2 ஜிபி சுவரு இருக்கு, ஃபாக்ஸ்ப்ரோல ஒரு டேபிளுக்கு, ஆக்சஸ்ல மொத்த ஃபைலுக்கும். ஃபைல் ஒன்றரை ஜிபி தாண்டிடுச்சுன்னா மாத்தற வேலைய ஆரம்பிங்க.

மாத்தும்போது கண்டிப்பா ஒரு எடத்துல மாட்டுவீங்க, அந்த காலத்து தமிழ் ஃபான்ட். பாமினில அடிச்சதா, 1999ல அரசாங்கம் அறிவிச்ச டாம் (TAM), டாப் (TAB) முறையா, இல்ல ஏதோ ஒரு டிடிபி கம்பெனி ஃபான்ட்டான்னு தெரியாம எடுத்து கொட்டினா கஸ்டமர் பேரெல்லாம் இங்கிலீஷ் குப்பையா நிக்கும். மொதல்ல பத்து பேர எடுத்து யூனிகோடுக்கு மாத்தி பாருங்க, அந்த பத்து பேரும் சரியா வந்தா மட்டும் மீதிய மாத்துங்க.

தமிழ்ல பேர் போட்டா வரிசை தப்பா வருதே?

இத கேக்கறவங்க கம்மி, ஆனா கேக்க வேண்டிய கேள்வி இதுதான். கபிலன், கமலா, கனகா, இந்த மூணு பேர எஸ்க்யூலைட்ல ஆர்டர் பை போட்டு பாருங்க. கனகா மொதல்ல வரும். நம்ம நெடுங்கணக்குல ன கடைசி எழுத்து, கனகா கடைசியா வரணும். ஆனா யூனிகோட்ல ந பக்கத்துலயே ன-வ உக்கார வச்சிட்டாங்க, ர பக்கத்துல ற, ல பக்கத்துல ள, அப்புறம் ழ, அதுக்கு அப்புறம்தான் வ. எஸ்க்யூலைட் அந்த நம்பர் வரிசைய பாத்து அப்படியே அடுக்கும், அதுக்கு தமிழ் தெரியாது. குடியாத்தத்துல நெசவாளர் கூலி லிஸ்ட் பிரிண்ட் எடுத்து குடுத்தப்போ அங்க கணக்கு பாக்கற பெரியவர் "இன்னா தம்பி, உங்க கம்ப்யூட்டர் ஒண்ணாங்கிளாஸ் படிக்கலியா"ன்னார்.

போஸ்ட்கிரெஸ்ல 2017ல வந்த 10ம் வெர்ஷன்லேர்ந்து ஐசியூன்ற (ICU) யூனிகோட் லைப்ரரியோட கொலேஷன், அதாவது எழுத்த அடுக்கற விதி, இருக்கு, தமிழ் கொலேஷன சொன்னா ஒழுங்கா அடுக்கும். எஸ்க்யூலைட்ல ஐசியூ எக்ஸ்டென்ஷன நீங்களே சேத்து பில்ட் பண்ணணும். இல்ல உங்க சாப்ட்வேர் பக்கத்துலேர்ந்து ஒரு கொலேஷன் ஃபங்ஷன் எழுதி பதிவு பண்ணிக்கலாம், நான் அப்படித்தான் பண்றேன்.

தேடறதுலயும் ரெண்டு குழி இருக்கு. "கொ"ன்ற எழுத்துல இருக்கற ஒ-கரக் குறிய ஒரே குறியீடாவும் சேத்து வைக்கலாம், எ-கரக் குறி தனியா கால் தனியா ரெண்டு குறியீடாவும் வைக்கலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணாதான் தெரியும். கீழ கவுன்டர்ல ஒரு கீபோர்ட் சாப்ட்வேர், மாடில வேற ஒண்ணுன்னு இருந்துச்சுன்னா கொடியரசுன்னு தேடினா ஆளே இல்லன்னு வரும், ஆளு எதிர்லயே நிப்பார். சேவ் பண்றதுக்கு முன்னாடியும் தேடறதுக்கு முன்னாடியும் என்எஃப்சி நார்மலைஸ் பண்ணிடுங்க, அதாவது ரெண்டு மாதிரியையும் ஒரே குறியீடா ஆக்கிடுங்க, ஒரு வரி கோடுதான்.

ரெண்டாவது குழி, எஸ்க்யூலைட்டோட எஃப்டிஎஸ்5, அதாவது வார்த்தை வார்த்தையா தேடற வசதி. அதுல பொதுவா எழுத்தையும் நம்பரையும்தான் வார்த்தையா எடுத்துக்கும். நம்ம காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோட் கணக்குல எழுத்து இல்ல, குறி. அதனால ஒவ்வொரு குறி வர்ற எடத்துலயும் வார்த்தைய வெட்டிடும். வார்த்தைய பிரிக்கற டோக்கனைசர்ல கேட்டகரிஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல இந்த குறிங்களோட யூனிகோட் வகையான எம்என் (Mn), எம்சி (Mc) ரெண்டையும் சேத்துடுங்க.

மைஎஸ்க்யூஎல்ல தமிழ் கேள்விக்குறியா வந்தா அது வேற வியாதி. 2018ல வந்த 8.0க்கு முன்னாடி பொதுவா தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1 குறியீட்டுல டேபிள் போடும், எல்லாத்தையும் யூனிகோட் குறியீடான யுடிஎஃப்8எம்பி4க்கு (utf8mb4) மாத்துங்க. ஏற்கனவே கேள்விக்குறியா ஆனது திரும்ப வராது, மறுபடியும் அடிக்கணும்.

பணத்த எப்படி வைக்கறது?

பைசாவா, முழு நம்பரா. 1,250 ரூபா 50 பைசான்னா 125050. ஃப்ளோட்ல, அதாவது புள்ளி வச்ச நம்பரா, வச்சீங்கன்னா ஜிஎஸ்டி கூட்டும்போது எங்கயோ ஒரு பைசா இடிக்கும், ஆடிட்டர் அந்த ஒரு பைசாவுக்கு உங்கள ரெண்டு நாள் அலைய விடுவார். எஸ்க்யூலைட்ல முழு நம்பருக்கான இன்டீஜர் காலம்ல (column) "ஆயிரம்"னு எழுதினா கூட வாங்கிக்கும், அவ்ளோ நல்ல மனசு. 2021லேர்ந்து ஸ்ட்ரிக்ட் டேபிள் வந்துடுச்சு, புதுசா ஆரம்பிக்கறவங்க அத போடுங்க.

கரண்ட் போனா டேட்டா போயிடுமா?

மே மாசம் வேலூர்ல இத கேக்காத முதலாளி கெடையாது. ட்ரான்சாக்‌ஷன் ஒழுங்கா, அதாவது முழுசா நடக்கணும் இல்லன்னா நடக்கவே கூடாதுன்னு கட்டி, போட்டிருந்தா பாதி எழுதும்போது போனாலும் அடுத்த தடவ தொறக்கறப்போ அந்த பாதிய தூக்கி போட்டுட்டு பழைய நெலமைக்கு வந்துடும், எஸ்க்யூலைட்டும் சரி போஸ்ட்கிரெஸும் சரி. வால் மோட்ல சிங்க்ரனஸ, அதாவது டிஸ்க்ல எழுதியாச்சான்னு எவ்ளோ உறுதி பண்ணணும்ன்ற செட்டிங்க, நார்மல்ல வச்சா கடைசி ஒண்ணு ரெண்டு என்ட்ரி போகலாம், ஃபைல் கெடாது. பில்லு போடற எடத்துல ஃபுல்ல வச்சிடுங்க. ஸ்பீடுக்காக சிங்க்ரனஸ ஆஃப் பண்ண சொல்லி எங்கயாவது படிச்சா அத கடைக்கு கொண்டு வராதீங்க. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெறும் பொட்டியா உக்காந்துகினு இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

ஸ்பீடு பத்தாதுன்னு சொல்றாங்களே?

எஸ்க்யூலைட்ல ஒரு சாதா கம்ப்யூட்டர்ல செகன்டுக்கு 50,000 இன்சர்ட் போகும்னு அவங்களே சொல்றாங்க, ஆனா பழைய சுத்தற ஹார்ட்டிஸ்க்ல ட்ரான்சாக்‌ஷன்னு பாத்தா செகன்டுக்கு சில டஜன்தான். நீங்க ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் தனித்தனி ட்ரான்சாக்‌ஷன் போட்டுட்டு டேட்டாபேஸ் ஸ்லோன்னு சொல்றீங்க. மொத்தத்தையும் ஒரே பிகின், கமிட்டுக்குள்ள போடுங்க.

எவ்ளோ பெருசாகும், ரொம்பிடுமா?

எஸ்க்யூலைட் வரம்பு 281 டெராபைட், அத விடுங்க. லாட்ஜுக்கே கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 20 ரூம் புதுசா மாறுது, ஒரு என்ட்ரி 1 கேபின்னா வருஷத்துக்கு 7, 8 எம்பி. ஜிஎஸ்டி ரெக்கார்ட 72 மாசம் வைக்கணும், அத வச்சு பாத்தாலும் ஒண்ணும் இல்ல. ஆனா ஐடி ப்ரூஃப் ஸ்கேன் 400 கேபின்னு உள்ள தள்ளினீங்கன்னா ஒரு நாளைக்கு 8 எம்பி, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 3 ஜிபி. ஆக்சஸா இருந்தா ஒம்பது மாசத்துல சுவத்துல முட்டும். படத்த ஃபோல்டர்ல வச்சு பாத் மட்டும் டேட்டாபேஸ்ல வைங்க. சின்ன சின்ன ஐகான், 10, 20 கேபி கையெழுத்து படம்னா உள்ளயே இருக்கட்டும், அது வேகமாவே வரும்.

ஆதார், பாஸ்போர்ட் காப்பியெல்லாம் இருக்கே, லாக் பண்ண வேணாமா?

பண்ணணும். லாட்ஜ்ல வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துல அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்பணும் (முன்னாடி ஃபார்ம் சின்னு சொல்வாங்க), அதனால பங்களாதேஷ் பாஸ்போர்ட் விவரமெல்லாம் நம்ம ஃபைல்ல இருக்கும். சாதா எஸ்க்யூலைட் ஃபைல யார் தூக்கினு போனாலும் தொறந்து படிக்கலாம், உங்க லாகின் ஸ்கிரீன் பாஸ்வேர்டு அதுக்கு ஒரு தடையே இல்ல. ஃபைலயே பூட்டி எழுதற எஸ்க்யூஎல்சைஃபர் (SQLCipher) போடுங்க. இல்லன்னா விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டற பிட்லாக்கர் இருக்கற எடிஷனா பாத்து மொத்தத்தையும் பூட்டுங்க. அந்த சாவிய கோடுக்குள்ள எழுதி வைக்கறது, பீரோவ பூட்டி சாவிய பீரோ மேலயே வைக்கற மாதிரி.

மொபைல் ஆப்புக்கு?

ஆண்ட்ராய்ட்னா ரூம்னு (Room) ஒரு லைப்ரரி, அது கீழ எஸ்க்யூலைட்தான். ரெல்ம்ன்ற மொபைல் டேட்டாபேஸ போடலாமான்னு ஒரு பையன் கேட்டான், அதோட சிங்க் சர்வீஸ் 2025 செப்டம்பரோட நிறுத்திட்டாங்கப்பா. பிரவுசர்ல ஓடற ஆப்னா பிரவுசருக்குள்ளயே டேட்டாவ வைக்கற இன்டெக்ஸ்ட்டிபி இருக்கு, ஆனா யாராவது ஹிஸ்டரி க்ளியர் பண்றேன்னு எல்லாத்தையும் டிக் பண்ணிட்டா கடையோட கணக்கும் சேந்து போகும், ஐபோன் சஃபாரில ஏழு நாள் அந்த சைட்ட தொடலன்னா அதுவே தொடச்சிடும். அதுல தற்காலிகமா மட்டும் வைங்க.

ரிப்போர்ட் மட்டும் பெருசா வேணும்?

பத்து வருஷ தோல் ஸ்டாக்க வச்சு மாசவாரியா கூட்டணும்னா டக்டிபி பாருங்க, 2024ல 1.0 வந்துடுச்சு. கூட்டறதுக்குதான் அது, பில்லு போடறதுக்கு இல்ல.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு மாங்கோடிபி போட்டா மார்க் வருமா?

மார்க் வரும். பில்லுக்கும் ஐட்டத்துக்கும் கஸ்டமருக்கும் உறவு இருக்கற டேட்டாவ, டேபிளே இல்லாம தனித்தனி டாக்குமென்ட்டா வைக்கற அதுல ஏன் வச்சன்னு வைவால கேட்டா பதில் ரெடியா வச்சுக்கோ.

பேக்கப் எப்படி எடுக்கறது?

ஒரு கடைல முதலாளி ராத்திரி கடைய மூடறப்போ அந்த டிபி ஃபைல பென்டிரைவ்ல காப்பி பண்ணிகினு போவார், நானும் சரின்னு விட்டிருந்தேன். சாப்ட்வேர் தொறந்தேதான் இருக்கும். வால் மோட்ல புது என்ட்ரியெல்லாம் மொதல்ல பக்கத்துல இருக்கற வால் ஃபைல்ல சேரும், 1000 பேஜ், அதாவது சுமார் 4 எம்பி சேந்தாதான் மெயின் ஃபைலுக்கு போகும். சின்ன கடைல 4 எம்பி சேர நாள்கணக்காகும். பென்டிரைவ்ல போனது மெயின் ஃபைல் மட்டும். ஒரு நாள் ஹார்ட்டிஸ்க் போச்சு, பென்டிரைவ மாட்டினேன், மூணு நாள் வியாபாரம் காணோம்.

எஸ்க்யூலைட்ல பேக்கப் ஏபிஐ இருக்கு, இல்ல வேக்யூம் இன்ட்டுன்னு ஒரு கமாண்ட் இருக்கு, சாப்ட்வேர் ஓடும்போதே முழுசா ஒரு காப்பி எழுதிக் குடுக்கும். போஸ்ட்கிரெஸ்னா பிஜி டம்ப். கடை மூடற பட்டன்லயே அத கட்டி விட்டுடுங்க, முதலாளிய தனியா பண்ண சொல்லாதீங்க, மொத வாரம் பண்ணுவார். ஒரு காப்பி பென்டிரைவ்ல, ஒண்ணு கடைக்கு வெளிய. மாசம் ஒரு நாள் அந்த காப்பிய உங்க லேப்டாப்ல போட்டு தொறந்து இன்டெக்ரிட்டி செக் ஓட்டி, நேத்து கடைசி பில் நம்பர் இன்னான்னு முதலாளிக்கு போன் பண்ணி கேளுங்க. நான் ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி கேக்கறேன், லாட்ஜ் முதலாளி இப்போ போன எடுத்ததும் ஹலோ கூட சொல்றதில்ல, நேரா நம்பரதான் சொல்றார்.